உம் கொட்டியவள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அறையில் இருந்தவர்கள்: பல் டாக்டர், அது அவருடைய கிளினிக் என்பதால். ரிடையரான கணக்கு டீச்சர், அவர் இல்லாமல் எங்கள் வாசகர் வட்டத்தில் எதுவும் தொடங்காது என்பதால். லிஃப்ட் மெக்கானிக், வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள் என்பதால். என் அக்கா. அக்காவின் வீட்டுக்காரர், அதாவது மாமா. அவருக்கும் புத்தகத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அக்காவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கியவர் டீ வரும் என்று உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நான். நான் அங்கே இருந்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் ஆலையில் எனக்கு இரவு வேலை. வட்டத்தில் பெயர் இருக்கிறதே தவிர, கூட்டம் நடக்கிற நேரத்தில் நான் செத்த பிணம் மாதிரி தூங்கிக்கொண்டிருப்பேன். அந்தச் சனிக்கிழமை பாய்லர் படுத்துவிட்டது. சூப்பர்வைசர் எல்லாரையும் வீட்டுக்கு விரட்டினார். மனிதர்களைப் போல இரவில் தூங்கி, பகலில் விழித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "நீ ஏன்டா வந்தே?"

"கூடப்பிறந்த அக்கா வரவேற்கிற அழகைப் பாரு," என்றார் லிஃப்ட் மெக்கானிக். "நீ வா ராக்கோழி. வெளிச்சத்துல பார்த்தா சுமாரா நல்லாத்தான் இருக்கே."

"அதுக்கில்லண்ணே. தூக்கம் கெட்டா இவனுக்குத் தலைவலி வரும்," என்றாள் அக்கா.

அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வட்டத்தில் ஒரு முறை உண்டு. யாராவது கதை எழுதினால் பெயர் போடாமல் டைப் செய்து, பழைய காலண்டர் தாளில் சுற்றி, யாரும் பார்க்காதபோது ரிசப்ஷன் மேஜை டிராயரில் போட்டுவிட வேண்டும். எழுதியவர் வாசிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவர்தான் சத்தமாக வாசிப்பார். வாசிக்கிறவர் நடுவில் நிறுத்தக் கூடாது, கருத்துச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் பேசி முடித்த பிறகே எழுதியவர் எழுந்து நிற்கலாம். எல்லாம் டீச்சர் போட்ட சட்டம். "பேரைப் பார்த்து மார்க் போடற புத்தி எனக்கே இருந்துச்சு. அதனாலதான் சொல்றேன்," என்பார்.

அன்றைக்குக் கூட்டத்துக்குக் கொஞ்சம் கனம் கூடுதல். டீச்சருக்குத் தெரிந்த பதிப்பகம் ஒன்று, இதுவரை அச்சில் வராதவர்களின் கதைகளைத் தொகுப்பாகப் போடுகிறது. எங்கள் வட்டத்திலிருந்து ஒரே ஒரு கதை கேட்டிருந்தார்கள். டிராயரில் இருந்ததும் ஒன்றே ஒன்றுதான்.

டாக்டர் கருவிகள் வைக்கும் ஸ்டீல் தட்டில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். "யாரும் பயப்படாதீங்க, இன்னிக்கு ஊசி கிடையாது," என்று வாராவாரம் சொல்வதைச் சொன்னார். வந்தது என் பெயர்.

"இவன் வேணாம் டாக்டர்," என்றாள் அக்கா. "கண்ணு எரியுதுன்னு சொல்லிட்டிருந்தான்."

"நான் எப்போ சொன்னேன்?"

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்மா," என்றார் டீச்சர். "நீ போய் உட்காரு தம்பி. முழுங்காம வாசி."

வாசிக்கிறவருக்கு ரிசப்ஷன் மேஜைதான் இடம். முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை. நோயாளிகள் தங்கள் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் இருக்க டாக்டர் அடித்துவைத்தது. பலகைக்குப் பின்னால் தாள்களை வைத்துக்கொண்டேன். முதல் வரி இது:

"எங்கள் வீட்டில் புத்தகத்தைக் கத்தியால் வெட்டித்தான் படிப்போம்."

அது என் வரி. என் வீட்டு விஷயம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை, அதே சொற்களை, நான் பல வருஷமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன்.

அம்மாவுக்குப் பழைய பேப்பர் கடையில் வேலை. மூட்டையாக வருவதைப் பிரித்து, செய்தித்தாள் தனி, அட்டை தனி, நோட்டு தனி என்று அடுக்க வேண்டும். கூழாகப் போகிற சரக்கில் அட்டை கிழிந்த கதைப் புத்தகம் கிடந்தால் சனிக்கிழமை சாயங்காலம் பைக்குள் போட்டுக்கொண்டு வருவாள். திங்கட்கிழமை காலை அது திரும்பக் கடைக்குப் போயாக வேண்டும். புத்தகம் ஒன்று, பிள்ளைகள் இரண்டு, நடுவில் ஒரே ஒரு நாள். முதல் வாரமே நானும் அக்காவும் மயிரைப் பிடித்து உருண்டோம். மறுவாரம் அம்மா காய் நறுக்குகிற கத்தியை எடுத்தாள். "இன்னொரு தடவை அடிச்சுக்கிட்டீங்கன்னா அடுத்து உங்களைத்தான் வெட்டுவேன்," என்று புத்தகத்தின் முதுகுத் தையலில் கத்தியை வைத்து இரண்டாக்கினாள். பெரியவள் என்பதால் முன்பாதி அக்காவுக்கு. பின்பாதி எனக்கு. மதியத்துக்கு மேல் மாற்றிக்கொள்வோம்.

ஆகவே எழுத்துக் கூட்டிப் படித்த காலத்திலிருந்தே எனக்குக் கதைகளின் முடிவுதான் முதலில் தெரியும். யாரோ சாவார்கள், யார் என்று தெரியாது. யாரோ யாரையோ மன்னிப்பார்கள். என்ன செய்தார்கள் என்று தெரியாது. அக்காவின் பாதி கைக்கு வரும்வரை நானே ஒரு தொடக்கத்தைக் கட்டிக்கொள்வேன். உண்மையான தொடக்கம் வந்ததும் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். என்னுடையது அதைவிட நன்றாக இருந்ததே என்று கடுப்பாக வரும். எழுத வேண்டும் என்ற ஆசை அந்தக் கடுப்பிலிருந்து வந்ததுதான்.

காலேஜைப் பாதியில் விட்டேன். படிப்பை விட்டேனே தவிர, படிப்பதை விடவில்லை. உலர்த்தும் இயந்திரம் ஓடுகிற நேரத்தில், வெந்நீர் ஆவியில் தாள் அப்பளம் மாதிரி சுருள, எத்தனையோ புத்தகங்களை நின்றுகொண்டே படித்திருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை நகராது. ஒரு வரி எழுதுவேன், அடிப்பேன். மறுபடி எழுதுவேன், கிழிப்பேன். பேனாவை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன், மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். மலச்சிக்கல்காரன் படுகிற பாடுதான், வேறு இடத்தில்.

எழுத வராத கதை வாயால் மட்டும் வந்தது. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்காவுக்குப் போன் போடுவேன். அவள் காலைச் சமையலில் இருப்பாள். அம்மாவை, கத்தியை, பாதிப் புத்தகங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் உம் கொட்டுவாள். நான் நிறுத்தினால், "ம், அப்புறம்?" என்பாள். எனக்கு வாய்த்த ஒரே வாசகி என்று அவளை நினைத்திருந்தேன். உம் கொட்டியவள் அடுப்பை அணைத்ததும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தலை நிமிர்ந்து பார்த்தேன். அக்கா தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தியிருக்கலாம். சட்டத்துக்குப் பயந்து நிறுத்தாமல் இல்லை. எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது. அதோடு, சொல்லத்தான் வேண்டும், சில இடங்களில் நன்றாக எழுதியிருந்தாள். அம்மாவின் விரல் இடுக்கில் அச்சு மை ஏறிப் போகாமல் இருந்ததை நான் சொன்னபோது ஒரு பேச்சாகச் சொன்னேன். அவள் அதை ஒரு பத்தியாக ஆக்கியிருந்தாள்.

மூன்றாவது தாளில்தான் வயிற்றில் குத்தினாள். கதையில் பின்பாதியைப் படிக்கிறவள் தங்கை. முன்பாதி அண்ணனுக்கு. அண்ணன் ஒரு மண்டு. தன் பாதியைப் பிடித்தபடியே குறட்டை விடுவான். தங்கைதான் முடிவை முதலில் படித்து, தொடக்கத்தைத் தானாகக் கட்டி, அப்படியே எழுத்தாளர் ஆகிறாள். என் கதையை எடுத்ததோடு நிற்கவில்லை. என்னையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குறட்டைவிட வைத்திருந்தாள்.

ஆனால் திருடியவளுக்குச் சரக்கு புதிது. "அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பில் அவளுக்குச் சோறு இறங்காது" என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தாள். முடிவை மடியில் வைத்திருக்கிறவளுக்கு அடுத்து என்ன என்ற தவிப்பு எங்கிருந்து வரும்? முன்பாதி படித்துவிட்டுக் காத்திருந்தவளுக்குத்தான் அது வரும். மற்றவர்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் உறைத்தது.

கடைசித் தாளில் அம்மா சாகிறாள். எழுத்தறியாத அவள் கையில் மகள் ஓர் அட்டையில்லாப் புத்தகத்தை வைக்கிறாள். அம்மா அதைத் தடவிக்கொடுக்கிறாள். கண்ணீர். முற்றும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா கடைசியாகக் கேட்டது புத்தகம் இல்லை, ஃபேனை வேகமாக வைக்கச் சொன்னாள்.

தாளைப் புரட்டினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்து வாசித்தேன்.

"அம்மா எந்தப் புத்தகத்தையும் சரிபாதியாக வெட்டியதில்லை," என்றது என் வாய். அடுத்த வாக்கியம் என்ன என்று எனக்கே தெரியாது. அது வந்தது. "சில நாள் முன்பாதி தடித்திருக்கும், சில நாள் பின்பாதி. கத்தி பிடிக்கத் தெரியவில்லை என்று கேலி செய்வோம். ஆனால் ஒரு நாளும் ஒரு வாக்கியம் நடுவில் அறுந்ததில்லை. ஓர் அத்தியாயம் முடிகிற இடத்தில்தான் கத்தி இறங்கியிருக்கும்."

சொல்லும்போதுதான் எனக்கே அது தெரிந்தது. அத்தனை வருஷமாகக் கண்ணெதிரில் கிடந்தது, கண்ணில் படவில்லை. அதற்காக நிறுத்தவில்லை.

பேப்பர் கடை முதலாளி ஆள் எடுக்கும்போது கேட்கிற ஒரே கேள்வியைச் சொன்னேன். படிக்கத் தெரியுமா? தெரியும் என்றால் வேலை கிடையாது. பிரிக்கச் சொன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான் என்பது அவருடைய அனுபவம். எழுத்துத் தெரியாது என்பதுதான் அந்தக் கடையில் அம்மாவுக்கு இருந்த தகுதி. அந்தத் தகுதியை அவள் வீட்டிலும் கழற்றவில்லை. பிள்ளைகள் வாய் சும்மா இருக்காது, முதலாளி காதுக்குப் போய்விடும். கரண்ட் பில்லில் என்ன போட்டிருக்கிறது என்று எங்களிடம் கேட்பாள். நாங்கள் பெரிய மனுஷத்தனமாக வாசித்துக் காட்டுவோம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வந்த புத்தகத்தை ஞாயிறு காலை கத்தி எடுக்கும்வரை எங்களைத் தொடவிட மாட்டாள். எங்கே வெட்டலாம் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? எங்களுக்கு முன்னால், முழுசாக, ஒருத்தி படித்திருக்கிறாள்.

அங்கே முடித்தேன். காலண்டர் தாளில் சுற்றி மேஜைமேல் வைத்தேன்.

லிஃப்ட் மெக்கானிக் மூக்கைச் சிந்தினார். "என்ன டாக்டர், ஏசி ரொம்பப் போட்டுட்டீங்களா?"

"ஏசி ரிப்பேர்ப்பா," என்றார் டாக்டர். "எனக்கு ஒண்ணு தோணுது. அந்தக் கடைசிப் பகுதி இல்லேன்னா இது சாதாரணக் கதை."

"முன்னாடி எல்லாம் கொஞ்சம் அழுமூஞ்சித்தனமா இருக்கு," என்றார் டீச்சர். "சாகறா, தடவறா, என்னடா இதுன்னு இருந்துச்சு. அதுக்கு அப்புறம் வருது பாருங்க, அங்கதான் கதை கண்ணைத் திறக்குது. பதிப்பகத்துக்கு இதுதான். வேற பேச்சே இல்லை. எழுதினவங்க எழுந்திருக்கலாம்."

என்ன நடக்கும் என்று நான் எதிர்பார்த்தேன் தெரியுமா? எழுந்து நிற்பாள், கடைசிப் பகுதி என்னுடையது இல்லை என்பாள். அதற்குமேல் நான் எதையும் கேட்டிருக்க மாட்டேன்.

மாமா முதலில் கைதட்டினார். அக்கா எழுந்தாள். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பு இல்லை.

"கடைசிப் பகுதியை எழுதும்போது எனக்கே அழுகை வந்துடுச்சு டீச்சர்," என்றாள்.

எனக்குள் ஏதோ ஒன்று, சத்தமில்லாமல், அணைந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. டீச்சர் தாள்களுக்குக் கை நீட்டியபோது மட்டும் வேகமாக வந்து மேஜையிலிருந்து அள்ளிக்கொண்டாள். "கொஞ்சம் பிழை இருக்கு டீச்சர். திருத்தி, நல்லா பிரிண்ட் எடுத்து, புதன்கிழமை கொண்டுவந்து தரேன்."

"தம்பியும் நல்லா வாசிச்சான்," என்றார் மாமா. "குடும்பமே கலைக்குடும்பம்." டீ வந்தது. நான் குடிக்கவில்லை.

அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். என்ன சொல்வது? என் கதை என்று காட்ட ஒரு வரிகூட என் கையில் இல்லை. வட்டத்துக்கு அபூர்வமாக, அதுவும் வெறும் கையோடு வந்து, மற்றவர் கதையில் நொட்டை சொல்லிவிட்டுப் போகிறவன் நான். யார் நம்புவார்கள்?

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். ஆலையில் மூட்டைமேல் ஒட்டுகிற மஞ்சள் சீட்டுக் கட்டு ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். தொடக்கத்தைத் தேடவில்லை. வாயில் வந்த கடைசிப் பகுதியை முதலில் எழுதினேன், அதற்கு முந்தியதை அடுத்து, அதற்கு முந்தியதை அதற்கடுத்து. பின்னாலிருந்து முன்னால் போனேன். கை ஓடியது. இத்தனை வருஷம் நான் வாசற்பக்கம் நின்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குப் பழக்கமான வழி கொல்லைப்பக்கம். சந்தோஷமாக எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். ஆத்திரத்தில் எழுதினேன். ஆத்திரமும் மை மாதிரிதான், ஓடினால் சரி.

மறுநாள் சாயங்காலம், நான் வேலைக்குக் கிளம்புமுன், அக்கா வந்தாள். தனியாக.

"சாப்பிட்டியாடா?"

"விஷயத்தைச் சொல்லு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நேத்து கடைசியா வாசிச்சியே. அதை ஒரு தடவை சொல்லேன்."

"எதுக்கு? நீதானே எழுதினே. அழுதுட்டே எழுதினேன்னே."

"குத்திக் காட்டாதடா. விஷயம் ஞாபகம் இருக்கு. எழுதினா பரீட்சை விடை மாதிரி வருது. நீ சொன்ன மாதிரி வரலை."

"வராது."

"இங்க பாரு." குரல் ஏறியது. "இத்தனை வருஷமா என் காதுல ஊத்தினியே, ஒரு பக்கம் எழுதினியா? கேட்கறவளுக்கு ஒண்ணும் இருக்காதா? நான் எழுதலேன்னா அது உன் வாயோட போயிருக்கும். அவ உனக்கு மட்டும்தான் அம்மாவா?"

அதில் நியாயம் இருந்தது. அதனால் இன்னும் எரிந்தது.

"அம்மாவை எடுத்துக்கோ," என்றேன். "என் பாதியை ஏன் எடுத்தே? உன் பாதியை எழுதியிருக்கலாமே."

அவள் சேலைத் தலைப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "என் பாதியில என்னடா இருக்கு? படிச்சேன். நீ முடிக்கிறவரைக்கும் காத்துட்டிருந்தேன். அதை யார் படிப்பா?"

எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஒருவேளை அந்த நிமிஷத்தில் அவள் எழுந்து போயிருந்தால் நான் பின்னாலேயே போயிருப்பேன்.

"அது நிஜமாடா?" என்றாள், குரலை இறக்கி. "அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"உனக்குத்தான் தெரியணும். முன்பாதி உன்கிட்டதானே இருந்துச்சு. அது எந்த இடத்துல முடிஞ்சிருக்கும்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். சிறுவயதில் பாதிப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அந்த முகம் வந்தது.

"ஆமாடா," என்றாள் மெதுவாக. "எப்பவும் அத்தியாயம் முடிஞ்சிருக்கும். கீழே பாதிப் பக்கம் காலியா இருக்கும். நான் அதுல பென்சில்ல பூ போடுவேன். அம்மா திட்டவே மாட்டா."

"என்னோடது எப்பவும் புது அத்தியாயத்துலதான் தொடங்கும்."

தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து இறக்கினார்கள். அம்மாவைப் பற்றி நாங்கள் சேர்ந்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கையைப் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"இந்தப் பூ விஷயம் நல்லா இருக்குல்ல? இதையும் சேர்த்துக்கறேன்," என்றாள். "சரி, நீ அந்தக் கடைசிப் பகுதியை மெதுவா சொல்லு. வேணும்னா ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாம், உன் பேரு ரெண்டாவதா."

நான் எழுந்தேன். மேஜைமேல் இருந்த மஞ்சள் சீட்டுகளை எடுத்து உள்சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அவள் அப்போதுதான் அவற்றைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். நாளைக்கு டீச்சர் வீட்டுக்குப் போறேன்."

"டேய், நான் எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னுட்டேன்டா. உங்க மாமா ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். டீச்சர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"அழுதுட்டே எழுதினதை அழுதுட்டே தொலைச்சுட்டேன்னு சொல்லு."

"கூடப்பிறந்தவ மானத்தை வாங்குவியா?"

"கிளம்புக்கா. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

நேரம் ஆகவில்லை. அவளுக்கும் அது தெரியும். பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், விட்டுவிட்டாள். வாசலில் ஒரு கணம் திரும்பி, "போனாவது பண்ணுவியாடா?" என்றாள்.

அவள் செருப்பை மாட்டி முடிப்பதற்குள் கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினேன்.